வாளைக் கடந்த வாள்வீரர்: யமவோகா தெஸ்ஷு

பஞ்ச சீலத்தை ஏற்று நிற்கும் நமக்கு முதற்சீலம் கொல்லாமை. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யேன் என்று உறுதி பூண்ட ஒருவர், வாளையே வாழ்வாகக் கொண்ட ஒரு போர்வீரரின் வரலாற்றைப் படித்துப் பெறத்தக்க பயன் யாது? இவ்வினா அன்பர் பலருக்கு எழக்கூடும். எழுவது நன்றே.

மற்றொரு ஐயமும் உண்டு. ஜப்பான் தேசத்துச் சாமுராய் வகுப்பார் பிறப்பினால் உயர்ந்தோர் எனப்பட்டவர். தோக்குகாவா மரபினர் ஆண்ட 1603 முதல் 1868 வரையிலான காலத்தில் படைவீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என மக்கள் நால்வகையாகப் பகுக்கப்பட்டிருந்தனர். இரட்டை வாள் அணியும் உரிமை சாமுராய்களுக்கே உரியது. தம்மை அவமதித்த எளியவனை அவ்விடத்திலேயே வெட்டி வீழ்த்தவும் அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. இந்நால்வகைக்கும் புறம்பாக, இறந்த விலங்குகளின் தோலை உரித்தும் பதனிட்டும் பிழைத்த மக்கள் தீண்டத்தகாதார்போல் ஒதுக்கப்பட்டுத் தனிச் சேரிகளில் வாழ்ந்தனர். 1871இல் அரசாங்கம் அவ்விழிபெயரைச் சட்டத்தால் நீக்கியது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்து அது எளிதில் நீங்கவில்லை. இக்கொடுமையின் சுவையை நம் முன்னோர் நன்கு அறிவர். ஆகவே, மேலிருந்து வாள் ஓங்கியவரின் அறம் கீழிருந்து அடி தாங்கியவரின் வழித்தோன்றல்களுக்கு எவ்வகையில் உதவும் என்று கேட்பது நியாயமே.

இவ்விரண்டு வினாக்களுக்கும் நூல்களைக் காட்டிலும் ஒரு மனிதரின் வாழ்க்கை தெளிவான விடை தருகிறது. அவர் யமவோகா தெஸ்ஷு. வாளினின்று கொலையையும், வீரத்தினின்று பிறப்பையும் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது யாது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

வீரர் நெறியும் தியான நெறியும்

சாமுராய்களின் ஒழுக்கநெறிக்குப் புஷிதோ என்று பெயர். வீரர் நெறி என்பது அதன் பொருள். கொடுத்த சொல்லைக் காத்தல், தலைவனுக்கு உண்மையாயிருத்தல், எளிய வாழ்வு, பழிக்கு நாணுதல், சாவுக்கு அஞ்சாமை ஆகியவை அதன் கூறுகள். இந்நெறிக்கு மனவடக்கத்தைப் பயிற்றுவித்தது பௌத்தத்தின் ஸென் பிரிவு. தியானம் என்ற நம் நாட்டுச் சொல்லே சீனத்தில் சான் என்றும், ஜப்பானில் ஸென் என்றும் திரிந்தது. அந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டு சென்றவர் தென்னிந்தியாவில் பிறந்த போதிதருமர் என்பது மரபு. அவர் காஞ்சியினின்று சென்றவர் என்று கூறுவாரும் உளர். தாருமா என்ற பெயரால் ஜப்பானியர் அவரைப் போற்றுகின்றனர். தெஸ்ஷு தம் தூரிகையால் அவர் உருவைத் தீட்டியதுண்டு. ஆகவே நாம் சொல்லப் புகுந்த வரலாற்றின் வேர் நம் நாட்டிலும் ஊன்றியிருக்கிறது.

பிறப்பும் இளமையும்

1836ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இன்று தோக்கியோ எனப்படும் எடோ மாநகரில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெட்சுதாரோ. தந்தையார் ஓனோ மரபினர். தோக்குகாவா ஆட்சியின் அதிகாரி. பிற்காலத்தில் இவர் தமக்குச் சூடிக்கொண்ட தெஸ்ஷு என்ற பெயருக்கு இரும்புப் படகு என்பது பொருள்.

தந்தையார் மலைநாடாகிய ஹிதாவின் நிர்வாகியாக நியமனம் பெற்றபோது குடும்பம் தகயாமா என்ற ஊருக்குச் சென்றது. சிறுவர் ஒன்பதாம் அகவையில் வாட்பயிற்சியையும் பின்னர் எழுத்துக்கலையையும் தொடங்கினார். ஒரு நாள் தாயார் விசுவாசம், பெற்றோர் பணி என்னும் இரு சொற்களை எழுதக் கற்பித்துப் பொருள் விளக்கினாராம். அவ்விரண்டையும் அன்னை கடைப்பிடிக்கிறாரா என்று சிறுவர் வினவினார். அத்தாய் கண்கலங்கி, முயன்றும் தம்மால் முற்ற நிறைவேற்ற இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார் என்பர். அறத்தைச் சொல்வது எளிது, அதன்படி நிற்பது அரிது என்ற முதற்பாடத்தை அவர் அன்னையின் கண்ணீரினின்று கற்றார்.

1851இல் தாயாரும், அடுத்த ஆண்டிலேயே தந்தையாரும் காலமாயினர். பதினாறு வயது நிரம்புமுன் ஐந்து தம்பியரின் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. கடைசித் தம்பி பால் மறவாக் குழந்தை. அப்பிள்ளையைத் தோளில் ஏந்தி, பால் வேண்டி அயலார் வீட்டு வாயில்களில் நின்றார் என்று வரலாறு கூறும். தந்தையார் விட்டுச்சென்ற பொருளில் பெரும்பகுதியைத் தம்பியர்க்கே பங்கிட்டு, அவர்கள் நல்ல குடும்பங்களில் ஏற்றுக்கொள்ளப்பட வழிசெய்தார். தமக்கென வைத்துக்கொண்டது சிறிதே. போர்க்களத்தைக் காணாத இவ்விளைஞரின் முதல் வீரச்செயல் ஒரு குழந்தையைப் பசியினின்று காத்ததாகும்.

எடோ திரும்பிய பின் யமவோகா சேய்சான் என்னும் ஈட்டிக்கலை ஆசானிடம் பயின்றார். ஆசான் 1855இல் இளவயதில் திடீரென இறந்தார். அவர் குடும்பம் சந்ததியின்றி அழியாதிருக்க, ஆசானின் தங்கையை மணந்து, தம் குடிப்பெயரை விடுத்து யமவோகா என்ற பெயரைத் தாங்கினார். அக்குடும்பமோ வறுமையின் உறைவிடம். தரையில் விரித்த பாய்களையும் விற்று உண்ணும் நிலை வந்தது என்பர். கந்தல் தெட்சு என்று ஊரார் பெயரிட்டனர். பயிற்சியில் அவர் காட்டிய கடுமையைக் கண்டு பேய்த் தெட்சு என்றும் அழைத்தனர். இரண்டு பெயரையும் அவர் பொருட்படுத்தவில்லை.

தோல்வி தந்த ஆசான்

1863ஆம் ஆண்டு அசாரி என்னும் வாட்கலை வல்லுநரோடு இவர் பொருதார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் பேராற்றலும் வாய்ந்த தெஸ்ஷுவை, அமைதியே உருவான அம்மனிதர் அடியடியாகப் பின்வாங்கச் செய்து மண்டபத்துக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார் என்று சொல்வர். தெஸ்ஷு அக்கணமே அவருக்கு மாணவரானார்.

ஆயினும் அச்சம் நீங்கவில்லை. கண்ணை மூடினாலும் அசாரியின் உருவம் மலைபோல் எதிரே நின்றது. பகலில் வாட்பயிற்சி, இரவில் தியானம் என்று பதினேழு ஆண்டுகள் கடந்தன. மிஷிமா என்னும் ஊரிலுள்ள ரியுதாக்குஜி மடத்துத் தலைவரைக் காண ஹாக்கோனே மலையைக் கடந்து நெடுந்தொலைவு சென்று வந்தார். கியோத்தோவின் தென்ரியூஜி மடத்துத் தெகிசுய் என்ற பெரியாரிடமும் உபதேசம் கேட்டார். வெளியே நிற்பதுபோல் தோன்றிய பகைவன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்பதே அவர் தீர்க்க முயன்ற புதிர்.

எடோ மாநகரைக் காத்தமை

அப்புதிர் அவிழுமுன்பே நாட்டின் விதி அவர் கையில் வந்தது. 1868ஆம் ஆண்டு தொடக்கத்தில் பேரரசரின் பெயரால் எழுந்த சட்சுமா, சோஷு நாட்டுப் படைகள் தோக்குகாவா படையைத் தோபா, புஷிமி என்னுமிடங்களில் முறியடித்தன. கடைசிச் ஷோகுனாகிய தோக்குகாவா யோஷிநோபு எடோவுக்கு மீண்டு, உயேனோவிலுள்ள கான்எய்ஜி என்னும் பௌத்த மடத்தில் ஒடுங்கி, தாம் எதிர்க்கப் போவதில்லை என்று அறிவித்தார். வெற்றிப் படை அதை நம்பவில்லை. எடோவைத் தாக்க நாள் குறித்து முன்னேறியது. எடோவோ ஏறக்குறையப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த மரவீட்டு நகரம். ஒரு தெருவில் தீப்பற்றினால் ஊரே எரியும். போர் மூண்டால் மடிவோர் யாவர்? வாள் ஏந்திய சில ஆயிரவர் மட்டுமல்லர். கூலிக்காரரும், கைவினைஞரும், தாய்மாரும், சேய்களும் ஆவர்.

யோஷிநோபுவின் உண்மை எண்ணத்தைப் பகைவர் தலைமையகத்தில் எடுத்துரைக்கத் தெஸ்ஷு தேர்ந்தெடுக்கப்பட்டார். புறப்படுமுன், படைத்துறைப் பொறுப்பில் இருந்த கட்சு கைஷுவைச் சந்தித்தார். அதுவரை ஒருவரை ஒருவர் அறியாத அவ்விருவரும் சிறிது நேர உரையாடலிலேயே ஒருவரை ஒருவர் நம்பினர். கட்சு ஒரு கடிதமும், வழித்துணையாகச் சட்சுமா நாட்டவர் ஒருவரையும் தந்தார்.

படைத் தலைமையகம் சுன்பு என்னும் ஊரில் இருந்தது. இன்று அவ்வூர் ஷிசுவோகா. எடோவினின்று ஏறக்குறைய 175 கிலோமீட்டர். வழியெங்கும் துப்பாக்கி ஏந்திய பகைப்படை. தெஸ்ஷு ஒளிந்து செல்லவில்லை, மாறுவேடம் பூணவில்லை. முதற்படையைக் கண்டதும் நேராக நடந்து சென்று, தாம் அரசின் பகைவரெனப்பட்ட தோக்குகாவாவின் பணியாளர் என்றும், தலைமையகத்துக்குச் செல்வதாகவும் உரத்த குரலில் அறிவித்தார். வியந்து நின்ற படையினர் அவரைத் தடுக்கவில்லை. பொய்யாமை என்னும் சீலம் அன்று அவருக்குக் கேடயமாயிற்று.

ஏப்ரல் 1ஆம் நாள் சுன்பு நகரில் படைத்தலைவர் சைகோ தகமோரியை அவர் சந்தித்தார். சைகோ நிபந்தனைகளை முன்வைத்தார். கோட்டையை ஒப்படைத்தல், படையினரைக் கோட்டையினின்று அகற்றல், படைக்கலங்களையும் போர்க்கப்பல்களையும் கொடுத்துவிடல் ஆகியவற்றைத் தெஸ்ஷு ஏற்றார். யோஷிநோபுவைப் பிசென் நாட்டாரிடம் காவலில் ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். அது பேரரசரின் ஆணை என்று சைகோ அழுத்திக் கூறினார். தெஸ்ஷு வாளில் கை வைக்கவில்லை. ஒரு வினாவையே தொடுத்தார். சைகோவின் தலைவருக்கு இந்நிலை நேர்ந்திருந்தால் அவரைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சைகோ வாளாவிருப்பாரா என்று கேட்டார். சைகோ நெடுநேரம் சிந்தித்தார். அப்பொறுப்பைத் தாமே ஏற்பதாக வாக்களித்தார். தன்னைப் பிறன் இடத்தில் வைத்துப் பார்க்கும் இம்முறை பகவன் புத்தர் கொல்லாமைக்குக் காட்டிய காரணமே அன்றோ!

சில நாட்களில் கட்சுவும் சைகோவும் எடோவில் கூடி உடன்பாட்டை முடித்தனர். குறித்த தாக்குதல் நிறுத்தப்பட்டது. மே 3ஆம் நாள் எடோக் கோட்டை போரின்றிக் கைமாறியது. உயிரும், புகழும், பதவியும், பொருளும் வேண்டாத மனிதனை வசப்படுத்துதல் அரிது, ஆயினும் பெரிய காரியத்தை அத்தகையவனோடுதான் செய்ய இயலும் என்னும் கருத்தைச் சைகோ பிற்காலத்தில் வெளியிட்டார். தெஸ்ஷுவை மனத்திற்கொண்டே அவ்வாறு கூறினார் என்று பலரும் கருதுவர்.

எல்லாரையும் அவரால் காக்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உயேனோவில் திரண்ட தோக்குகாவா ஆதரவாளரைக் கலைந்து போகுமாறு அவர் வேண்டினார்; அவர்கள் செவிசாய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் நடந்த ஒருநாட் போரில் அவர்களிற் பலர் மடிந்தனர். கான்எய்ஜியின் பெரும்பகுதியும் எரிந்தது. அத்துயரம் அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

வாள் போன பின் வாழ்வு

ஆட்சி மாறியது. சாமுராய்களின் மானியங்கள் படிப்படியாக நின்றன. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதும் தடை செய்யப்பட்டது. உழைத்தறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. வீரர் நெறிக்கு உண்மைச் சோதனை அப்பொழுதுதான் வந்தது. வாளும் மானியமும் இருந்தபோது மட்டும் விளங்கிய ஒழுக்கமாயின் அது ஒழுக்கமன்று, பதவியின் நிழலே.

தோக்குகாவா குடும்பத்தோடு சுன்புவுக்குக் குடிபெயர்ந்த வீரர்க்குப் பிழைப்பு வழி காண்பதில் தெஸ்ஷு உழைத்தார். அவர்களிற் சிலர் சூஜோ காகெயாக்கி என்பவர் தலைமையில் 1869இல் மாகினோஹாரா என்னும் நீரற்ற மேட்டுநிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிடத் தொடங்கினர். தெஸ்ஷுவும் கட்சுவும் அவர்களுக்குத் துணைநின்றனர். வாள் பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. இன்று அம்மேட்டுநிலம் ஜப்பானின் பெரிய தேயிலைத் தோட்டப் பகுதிகளுள் ஒன்று.

ஷிமிசு துறைமுகத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லல் தகும். 1868இல் அங்குத் தங்கியிருந்த கான்ரின் மாரு என்னும் தோக்குகாவா கப்பல் அரசுப் படையால் தாக்கப்பட்டது. கொலையுண்டோர் உடல்கள் கடலில் மிதந்தன. அரசின் சினத்துக்கு அஞ்சி எவரும் அவற்றைத் தொடவில்லை. சூதாட்டக் கூட்டத்தின் தலைவனாகிய ஜிரோச்சோ என்பவனே துணிந்து அவற்றை எடுத்து நல்லடக்கம் செய்தான். விசாரித்தபோது, இறந்தவரிடத்துப் பகைவர் நண்பர் என்ற வேற்றுமை இல்லை என்று விடையளித்தானாம். இதைக் கேட்ட தெஸ்ஷு உள்ளம் நெகிழ்ந்தார். அக்கல்லறைக்கான எழுத்தைத் தாமே எழுதித் தந்தார். அவனைத் தமக்கு அணுக்கனாகவும் ஏற்றார். ஜிரோச்சோ நாளடைவில் பழைய வழியை விட்டு, தரிசு நிலம் திருத்துதல், துறைமுகத்தை வளர்த்தல் முதலிய பொதுப்பணிகளில் ஈடுபட்டான். சூதாடியாயினும் அவனிடத்து விளங்கிய கருணையைக் கண்டு வணங்கியவர் தெஸ்ஷு.

அரசரும் அடுமனையாளரும்

1872இல் சைகோவின் வேண்டுகோளுக்கிணங்கி இளம் பேரரசர் மெய்ஜியின் பணியாளராகப் பத்தாண்டுக் காலம் பொறுப்பேற்றார். ஒருமுறை மது அருந்திய பேரரசர் மற்போருக்கு அழைத்துத் தெஸ்ஷுவின்மேல் பாய்ந்தாராம். அவர் சற்றே விலக, பேரரசர் நிலைதடுமாறி வீழ்ந்தார். மன்னிப்புக் கேட்குமாறு உடனிருந்தோர் வற்புறுத்தியும் தெஸ்ஷு இசையவில்லை. மதுவெறியில் பணியாளரைக் காயப்படுத்தும் அரசனைப் பின்னுலகம் எவ்வாறு மதிக்கும் என்பதைப் பணிவோடு எடுத்துரைத்தார். பேரரசர் தம் தவற்றை உணர்ந்து சில காலம் மதுவையும் மல்லாட்டத்தையும் விலக்கினார் என்பர். மேலோனுக்கு இன்சொல் மட்டும் கூறிப் பிழைப்பதை விசுவாசம் என்று தெஸ்ஷு எண்ணியதில்லை.

அரண்மனையில் இருந்த அவருக்கு அடுமனைக்காரர் ஒருவரும் நண்பர். கிமுரா யாசுபெய் என்பவர் வாளிழந்த சாமுராய். 1869இல் ரொட்டி சுடும் தொழிலைத் தொடங்கினார். இனிப்பிட்ட சிவப்புப் பயற்றம் பூரணத்தை உள்ளே வைத்துப் புதுவகை ரொட்டி ஒன்றை அவர் கடையில் உருவாக்கினர். ஜப்பானியர் சுவைக்கு ஏற்ற அப்பண்டத்தை, 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் பேரரசர் செர்ரிப் பூக்களைக் காண வந்தபோது தெஸ்ஷு அவர்முன் வைக்கச் செய்தார். பேரரசர் விரும்பி உண்டார். கிமுராவின் கடைப் பெயர்ப்பலகைக்குத் தம் கையாலேயே எழுதியும் கொடுத்தார். மாவு பிசையும் தொழில் வாள் சுழற்றும் தொழிலினும் தாழ்ந்ததென்று அவர் கருதியிருந்தால் இது நிகழ்ந்திராது.

வணிகர் அவிழ்த்த புதிர்

இனி இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு. அசாரியின் உருவம் இன்னும் விலகவில்லை. வாளோடு வாள் மோதி நிற்கும் இருவரைப் பற்றிய ஒரு புதிரைத் தெகிசுய் பெரியார் தியானப் பொருளாகத் தந்திருந்தார். ஆண்டுகள் கடந்தும் விடை கிட்டவில்லை.

அந்நாளில் தம் கடைக்கு எழுத்து வேண்டி ஒரு வணிகர் வந்தார். தாம் ஏழையாயிருந்து செல்வரான கதையை அவர் இயல்பாகச் சொல்லலானார். ஒருமுறை சரக்கை மிகுதியாக வாங்கி வைத்திருந்தபோது விலை இறங்குவதாகப் பேச்சு எழுந்தது. நட்டத்துக்கு அஞ்சி விற்றுவிடத் துடித்தார். அவர் கலக்கத்தைக் கண்டுகொண்ட பிற வணிகர் விலையை மேலும் தாழ்த்திக் கேட்டனர். மனம் படபடத்தது. முடிவில், வருவது வரட்டும் என்று கவலையை விட்டு அமைதியானார். பின்னர் விலை ஏறி ஆதாயமும் கிட்டியது. அன்றுமுதல் இலாபத்தை எண்ணித் துள்ளுவோரும் நட்டத்தை எண்ணி நடுங்குவோரும் பெரிய வாணிகம் செய்ய இயலாது என்றும், தெளிந்த மனத்தோடு முடிவு செய்து அதன்பின் அசையாதிருப்பதே தொழிலின் இரகசியம் என்றும் கண்டுகொண்டாராம்.

வணிகருக்கு இது கடைக்கதை. தெஸ்ஷுவுக்கோ பதினேழாண்டு இருளில் ஏற்றிய விளக்கு. வெற்றி தோல்வியை எண்ணிய மனமே அசாரியை மலையாக்கியது என்பதை உணர்ந்தார். சில நாட்கள் இரவு பகல் இடைவிடாது முயன்றார். மார்ச் 30ஆம் நாள் வைகறையில் தியானத்தில் அமர்ந்தபோது எதிரே நின்ற உருவம் மறைந்தது. தேடினார், பகைவனைக் காணவில்லை. அசாரியிடம் சென்று வாளேந்தி நின்றார். அவர் நிலையைக் கண்ட மாத்திரத்தில் அசாரி தம் வாளைத் தாழ்த்தினார். கலையின் முழு உரிமையையும் அவருக்கு வழங்கினார்.

அன்பர்காள்! நால்வகைப் பகுப்பில் வணிகர் கடைநிலையினர். படைவீரர் அவரை இழிவாக எண்ணிய காலம் அது. நாட்டின் தலைசிறந்த வாள்வீரருக்கு வாளின் மெய்ப்பொருளைக் காட்டியவர் அக்கடைநிலை வணிகரே. தெஸ்ஷு அதை மறைக்கவில்லை. தாமே எழுதி வைத்தார். பிறப்பினால் வரும் பெருமை அவ்விடத்தில் தானே உதிர்ந்தது.

வாளற்ற நெறி

அதன்பின் தாம் நிறுவிய வாட்கலை மரபுக்கு முத்தோ என்று பெயரிட்டார். வாளின்மை என்பது பொருள். மனத்துக்கு வெளியே பகைவன் இல்லை, ஆதலால் மனத்துக்கு வெளியே வாளும் இல்லை என்பதே அதன் கொள்கை. வாழ்நாள் முழுவதும் வாளோடு இருந்தும் அவர் ஒருவரையும் கொன்றதில்லை என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

ஷுன்புகான் என்னும் அவருடைய பயிற்சிச்சாலையில் முதல் மூன்றாண்டுகள் அடிப்படை வீச்சைத் தவிர வேறொன்றும் கற்பிக்கப்படுவதில்லை. ஆயிரம் நாள் பயிற்சி முடித்த மாணவர் ஒரே நாளில் 200 ஆட்டம் ஆடவேண்டும். அடுத்த படியில் மூன்று நாளில் 600. இறுதிப் படியில் ஏழு நாளில் 1,400. உடல் ஓய்ந்து, வெல்லவேண்டும் என்ற எண்ணமும் ஓய்ந்த பின் எஞ்சும் மனத்தை மாணவர் காணவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இந்நெறியை அவர் வாள்வீரரோடு நிறுத்தவில்லை. கதை சொல்வதில் புகழ்பெற்ற என்ச்சோ என்பவரிடம் குழந்தைகளுக்குச் சொல்லும் மோமொதாரோ கதையைச் சொல்லச் செய்து, நாவினால் சொல்வதால் அதில் உயிரில்லை என்று சுட்டினார். என்ச்சோ தியானத்தில் முயன்றார். தான் சொல்கிறேன் என்ற செருக்கு அகன்று கதை தானே பேசலாயிற்று. நாவற்ற உபாசகர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

தெஸ்ஷுவின் தூரிகையும் ஓயவில்லை. பழுதுற்ற மடங்களைப் புதுக்கவும், துன்புற்றோர்க்கு உதவவும் பொருள் தேவைப்பட்டபோதெல்லாம் எழுத்துகளை எழுதிக் குவித்தார். எழுதத் தொடங்குமுன், எண்ணற்ற உயிர்களைக் கரையேற்றுவேன் என்னும் போதிசத்துவ விரதத்தை நினைப்பார் என்பர். இறுதி ஆண்டுகளில் பௌத்த ஆகமங்கள் அனைத்தையும் கையால் படியெடுக்கத் தொடங்கினார். ஒரு வாழ்நாளில் முடியாத பணியாயிற்றே என்று ஒருவர் வியந்தபோது, தாம் எழுதுவது ஒவ்வொரு பக்கமே என்று எளிமையாகக் கூறினாராம். பெருஞ்செயல் என்பது இன்றைய ஒரு பக்கமே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லுதல் அரிது.

குறையும் நிறைவும்

குறையற்ற மனிதராக அவரைப் புனைந்து காட்டுதல் நம் நோக்கமன்று. இளமையில் கேளிக்கைகளில் மூழ்கி மனைவியாருக்குப் பெருந்துயர் விளைத்தார். மதுவை அவர் இறுதிவரை விட்டாரில்லை. ஐந்தாம் சீலத்தைக் காப்பவர் இவ்விடத்தில் அவரைப் பின்பற்றல் ஆகாது. பேரரசரின் மதுவைக் கண்டித்தவர் தம் மதுவைக் கண்டிக்கவில்லை. அன்னை சிந்திய கண்ணீரின் பாடம் அவருக்கும் முற்ற நிறைவேறவில்லை என்றே கொள்ளவேண்டும். பெரியோரின் நற்பண்பை ஏற்று, பிழையை விலக்குதலே அறிவுடைமை.

1883இல் தோக்கியோவின் யானகா பகுதியில் ஸென்ஷோஅன் என்னும் மடத்தை நிறுவினார். ஆட்சிமாற்றக் குழப்பத்தில் மடிந்தவர்களின் நினைவுக்காக எழுந்தது அம்மடம். தாம் காக்கமுடியாத உயிர்களுக்கு அவர் செலுத்திய கடன் அது.

1888இல் வயிற்றுப் புற்றுநோய் முற்றியது. கடைசி நாட்களில் ஒருநாள் பயிற்சிச்சாலையினின்று ஓசை வராததைக் கவனித்து வினவினார். அவர் நோயை முன்னிட்டுப் பயிற்சி நிறுத்தப்பட்டதென்று அறிந்து, உடனே தொடங்குமாறு பணித்தார் என்பர். ஜூலை 19ஆம் நாள் காலை வெண்ணிற ஆடை உடுத்து, தியான ஆசனத்தில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். அகவை 52. அவர் உடல் ஸென்ஷோஅனில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னாளில் என்ச்சோவும் அம்மடத்திலேயே இடம்பெற்றார்.

நாம் கொள்ளத்தக்கது

தெஸ்ஷுவுக்குப் பின் வீரர் நெறிக்கு நேர்ந்த கதி வருந்தத்தக்கது. 1930களிலும், 1945இல் முடிந்த பெரும்போரிலும் புஷிதோ என்ற பெயர் படையெடுப்புக்கும் கொலைக்கும் போர்வையாக்கப்பட்டது. ஸென் மடத்தார் பலரும் அதற்கு ஆசி கூறினர். பிற்காலத்தில், சோட்டோ பிரிவினர் 1992இலும், ரின்சாய் மரபின் மியோஷின்ஜி மடத்தார் 2001இலும், தாங்கள் போருக்குத் துணைபோனதற்குப் பகிரங்கமாக வருந்தினர். கருணையை விட்டுப் பிரிந்த அஞ்சாமை எவ்வளவு கொடியது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே வீரர் நெறியைப் போற்றுவோர் எவராயினும், அது யாரைக் காக்கிறது, யாரை வெட்டுகிறது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும்.

தெஸ்ஷுவின் வாழ்வில் அது காத்தது. பாலுக்கு அழுத தம்பியை, பத்து லட்சம் மக்களை, வேலையிழந்த வீரரை, கவனிப்பாரற்ற பிணங்களின் மானத்தை அது காத்தது. இந்த வீரம் செய்ய வாள் வேண்டியதில்லை. உயர்குடிப் பிறப்பும் வேண்டியதில்லை. ஆகவே அது நமக்கும் உரியது.

ஆலையில் உழைப்பவர், மேற்பார்வையாளர் காணாதபோதும் தம் பணியைச் செவ்வனே செய்வாராயின் அது வீரம். கடை நடத்துவோர், நட்டத்துக்கு அஞ்சி அளவைக் குறைக்காதிருப்பாராயின் அது வீரம். அலுவலகத்தில் மேலதிகாரி தவறும்போது பணிவோடும் தெளிவோடும் எடுத்துச் சொல்வது வீரம். பிறந்த குலத்தை வினவி இகழ்வோர்முன், ஒளியாமலும் சினவாமலும், தான் பௌத்தன் என்று நிமிர்ந்து கூறுவது பெருவீரம். பகைப்படையின் நடுவே தன் பெயரைச் சொல்லி நடந்த தெஸ்ஷுவின் நடையே அது. நோயுற்ற மாமியாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் பேணி, உறங்குமுன் பத்து நிமிடம் தியானத்தில் அமரும் இல்லத்தரசியின் ஒழுங்கு, ஏழு நாளில் 1,400 ஆட்டம் ஆடியோரின் ஒழுங்குக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

நம் எதிரே மலைபோல் நிற்கும் உருவம் எது என்பதை ஒவ்வொருவரும் நாடோறும் ஆராய்வோமாக. அது மேலதிகாரியா, கடனா, ஊராரின் இகழ்ச்சியா, நாளைய கவலையா? வெளியே உள்ள அநீதியை எதிர்த்து உழைத்தல் நம் கடன். அதற்குமுன், அஞ்சி நடுங்கும் நம் மனம் அவ்வுருவத்துக்குக் கூட்டிய உயரத்தை இறக்கி வைத்தல் நம் சாதனை. அதைச் செய்யும் வலிமை பஞ்ச சீலத்திலும் தியானத்திலும் உண்டு. இன்றைக்கு ஒரு பக்கம் எழுதுவோம். நாளை மறு பக்கம் எழுதுவோம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக.